டோரு டகேமித்ஸுவின் திரையிசைத் தட்டுகள்

திரைப்படத்துக்கென்று எழுதப்பட்ட சங்கீதத்தைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துத் தட்டில் பதித்து, அறையில் தனியே உட்கார்ந்து கேட்கும் வழக்கம் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. அப்படிப் பிரிக்கும்போது சில இசையமைப்பாளர்களின் சிருஷ்டி சேதமில்லாமல் வந்து சேருகிறது. சிலருடையது பாதிதான் வருகிறது. மிகச் சிலருடையதோ, எது வந்தது, எது வராமல் படத்தோடேயே தங்கிவிட்டது என்று நின்று யோசிக்க வைக்கிறது. இந்த மூன்றாம் வகைக்கு, எனக்குத் தெரிந்தவரை, டோரு டகேமித்ஸுவைவிட (1930–1996) நல்ல உதாரணம் கிடையாது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர், கூடவே கச்சேரி மேடைக்கென்று எழுதியவற்றால் மேலைநாடுகளிலும் பெருங்கீர்த்தி அடைந்தவர், படம் பார்ப்பதில் தீராத மோகம் கொண்டவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லலாம் என்றாலும், ஒரு காட்சியில் எந்த இடத்தில் இசை வேண்டாம் என்று தீர்மானிப்பதிலேதான் அவருடைய வித்தையின் சாரம் இருந்தது. தட்டோ, இருக்கும் ஒலியை மட்டும் சுமந்துவரும் சாதனம். அவருடைய திரையிசைப் பதிவுகளை மதிப்பிடப் புகுவோர் இந்தச் சங்கடத்தை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அவருடைய இசை வாழ்க்கை தொடங்கியதே ஒரு தட்டிலிருந்துதான். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், டோக்கியோவுக்கு மேற்கே மலைப்பிரதேசத்து ராணுவத் தளம் ஒன்றில் பள்ளிச் சிறுவனாகக் கட்டாய வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த அவரையும் தோழர்களையும், மேற்கத்திய சங்கீதம் விலக்கப்பட்டிருந்த அந்நாளில், ஓர் அதிகாரி தனியே அழைத்துச் சென்று, மூங்கிலைக் கூர்சீவிச் செய்த ஊசியைக் கிராமபோனில் பொருத்தி, லூஸியன் புவாயே பாடிய பிரெஞ்சுக் காதற்பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். அன்று பற்றிய ஆசை, யுத்தம் முடிந்தபின் அமெரிக்க ராணுவ வானொலியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. யஸுஜி கியோஸே என்பவரிடம் 1948 முதல் சிறிது காலம் பயின்றது நீங்கலாக, முறையான குருகுலவாசம் அவருக்கு வாய்க்கவில்லை. திரைத்துறையில் அவருக்கு வழிகாட்டி, 'ரஷோமோன்', 'ஏழு ஸாமுராய்' ஆகிய படங்களுக்கு இசையமைத்த ஃபுமியோ ஹயஸாகா. 1955இல் நாற்பத்தொரு வயதிலேயே காலமான அந்த மூத்தவரின் நினைவாக டகேமித்ஸு 1957இல் எழுதிய தந்தி வாத்திய இரங்கலிசையை, ஈராண்டு கழித்து ஜப்பானுக்கு வந்த ஸ்ட்ராவின்ஸ்கி தற்செயலாகக் கேட்டு வியந்தார் என்பதும், அதன் பிறகுதான் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது என்பதும் பலரும் எழுதிவிட்ட கதை. டகேமித்ஸுவின் மேடைப் பெயரைத் தொடங்கிவைத்த உருப்படியே ஒரு திரை இசையமைப்பாளருக்குச் செலுத்திய அஞ்சலி என்பதை மட்டும் அந்தக் கதையைச் சொல்பவர்கள் அநேகமாக அழுத்திச் சொல்வதில்லை.

பதிவுகளுக்கு வருவோம். மூலப் பதிவுகளைத் தேடுகிறவர்கள் முதலில் சந்திப்பது இரண்டு பெருந்தொகுப்புகளை. ஒன்று, ஜப்பானிய விக்டர் நிறுவனம் இயக்குநர் வாரியாகப் பிரித்து வெளியிட்ட ஆறு தட்டுகள். மற்றது, டகேமித்ஸுவின் மறைவுக்குப் பின் ஷோகாகுகான் பதிப்பகம் 2002 முதல் 2004 வரை ஐந்து பெட்டிகளாகக் கொண்டுவந்த முழுத்தொகுப்பு. அதில் இரண்டு பெட்டிகள் திரையிசைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முழுமை என்று பார்த்தால் இரண்டாவதற்கு நிகர் இல்லை. நூலகங்களில் இருக்கவேண்டிய பொருள் அது. ஆனால் விக்டர்காரர்கள் செய்த பாகுபாட்டில் ஒரு நல்ல விமரிசகனின் புத்தி தெரிகிறது. ஏனென்றால் இயக்குநருக்கு இயக்குநர் டகேமித்ஸு வேறு ஆளாகிவிடுகிறார்: மஸாகி கோபயாஷியிடம் வறண்ட, கடுமையான, சொற்பமான ஒலி, ஹிரோஷி டெஷிகஹாராவிடம் பரிசோதனைக்காரனின் குறும்பு, மஸாஹிரோ ஷினோடாவிடம் படத்துக்குப் படம் ஒரு புதிய வேஷம். அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவரே எழுதியவை என்று நம்பச் சிரமமாகவே இருக்கும்.

ஆரம்ப காலப் படங்களை அதிகம் நின்று பார்க்கவேண்டியதில்லை. சைக்கிள் விளம்பரத்துக்காக 1955இல் எடுக்கப்பட்ட 'வெள்ளிச் சக்கரம்' என்ற குறும்படத்துக்கு அவரும் ஹிரோயோஷி ஸுஸுகியும் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்த சப்தக் கோவை, சரித்திர முக்கியத்துவம் உடையது. மறு வருஷம் மஸாரு ஸாத்தோவுடன் சேர்ந்து இசையமைத்த 'வெறிகொண்ட கனி'யில் கடற்கரையும் பணக்கார வாலிபர்களும் அவர்களுக்குத் தக்க ஹவாயன் கிட்டாரும் ஜாஸும் வருகின்றன. இளமையின் விளையாட்டு என்று ரஸித்துவிட்டு நகரலாம். ஷினோடாவின் 'வெளிறிய மலர்' (1964) அப்படியல்ல. சூதாட்ட அறையில் சீட்டுகள் கலைகிற, விழுகிற சப்தத்தை எடுத்து, கேட்பவருக்கு எது சீட்டு, எது வாத்தியம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி இசையோடு இழைத்திருக்கிறார். கொலை நடக்கும் உச்சக்கட்டத்திலோ தம் இசையையே விலக்கி வைத்துவிட்டு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்ஸெலின் இசைநாடகத்திலிருந்து ஒரு புலம்பலைப் போடச் செய்தார். படத்தில் மூச்சை நிறுத்தும் இந்த இடத்தை, டகேமித்ஸு எழுதியதை மட்டும் தொகுக்கும் ஒரு தட்டு என்ன செய்யும்?

கோபயாஷியின் படங்களில்தான் விஷயம் கனம் பெறுகிறது. 1962இல் வந்த 'ஹராகிரி'யில், ஒரு பிரபுவின் மாளிகை முற்றத்தில் வெண்பாயின்மேல் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் ஏழை ஸாமுராய்க்கு, மேற்கத்திய வாத்திய கோஷ்டி ஆதரவு தரவில்லை, பீவா தருகிறது. அகன்ற மரக்கட்டையால் தந்தியை அறைந்து வாசிக்கும் பழைய வாத்தியம் அது. தட்டினால் தந்தியின் ஓசையும், கட்டை பலகையில் மோதும் ஓசையும், தந்தி மெட்டில் உரசி எழும் ரீங்காரமும் ஒன்றாகக் கிளம்பும். நம் தம்புராவின் குதிரையில் நூலிழை செருகி ஜீவா பிடிக்கிறார்களே, அந்த ரீங்காரத்துக்கு இதைக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். தம்புராவில் அது சுருதிக்குப் பின்புலமாக ஓயாமல் ஓடுகிறது, பீவாவிலோ ஒரே அடியில் தோன்றி, மெல்லத் தேய்ந்து, மறைகிறது. அந்தத் தேய்வை முழுவதும் கேட்க விட்டு, அதற்கப்புறமும் சிறிது காத்திருந்து, பின்னர் அடுத்த அடியை வைப்பது டகேமித்ஸு இந்தப் படத்தில் கண்டுபிடித்த நடை. பாரம்பரிய வாத்தியம் என்றாலே யுத்த காலத்துத் தேசபக்தி ஆரவாரத்தை நினைத்து வெகுநாள் ஒதுங்கியிருந்தவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த நடையின் துணிவு இன்னும் விளங்கும்.

அதே இயக்குநரின் 'க்வைதான்' (1964) நான்கு பேய்க் கதைகளைக் கொண்டது. அதன் சப்தம் முழுவதற்கும் டகேமித்ஸுவே பொறுப்பு; காற்றும் கதவும் காலடியும் பாட்டும் ஒரே கையின் கீழ் வந்துவிட்டன. முதற்கதையில், ஏழை மனைவியைக் கைவிட்டுப் போன ஸாமுராய் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, விடிந்ததும் உண்மை தெரிந்து, இடிந்த வீட்டுக்குள் வெறிபிடித்து ஓடுகிறான். அவன் கால்பட்டு மக்கிய தரைப்பலகை முறியும்போது நமக்கு ஓசை கேட்பதில்லை. வாய் திறந்து அலறுகிறான், அதுவும் கேட்பதில்லை. பிறகு, எதிர்பாராத ஒரு கணத்தில், சம்பந்தமற்ற வேறோர் அசைவின்மேல் மரம் பிளக்கும் ஓசை வந்து விழுகிறது. மரத்தைப் பிளந்தும் கிழித்தும் பதிவுசெய்து, ஒலிநாடாவில் அதன் இயல்பை மாற்றி, கண்ணுக்கும் காதுக்கும் இருந்த இயற்கையான உடன்படிக்கையை அவர் முறித்துவிட்டதால், பயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நாம் தவிக்கிறோம்.

இதையே தட்டில் கேட்டால் மரம் பிளக்கும் ஓசைகளும் அவற்றுக்கு நடுவே நீண்ட நிசப்தமும் மாத்திரம் கிடைக்கின்றன. முதல் தடவை கேட்கிறவர், கருவி பழுதாகிவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. இருந்தாலும் இந்தப் பதிவை நான் நிராகரிக்க மாட்டேன். படத்தின் பீதி நீங்கிய பிறகு, அந்த ஓசைகள் எத்தனை கவனத்தோடு ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது. பீதியில் அகப்பட்டவனுக்கு எண்ணிப் பார்க்கும் அவகாசம் ஏது? மூன்றாவது கதையான குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதையோ தட்டுக்கென்றே பிறந்தது போலத் தோன்றுகிறது. கின்ஷி த்ஸுருதா என்ற மாபெரும் வித்வாம்சினியின் பீவா அதில் ஒலிக்கிறது. 1185இல் நடந்த தான்னோஊரா கடற்போரைச் சொல்லும் பாட்டு அது. காட்சி இல்லாமலே நின்று நிலைக்கிறது.

இந்த த்ஸுருதாவைத் தொடர்ந்து போனால், டகேமித்ஸுவின் திரையிசை வெறும் பிழைப்புக்கான உபதொழில் என்று எண்ணுபவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். 'க்வைதா'னுக்குப் பின், 1966இல், பீவாவுக்கும் ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழலுக்குமாக 'கிரகணம்' என்ற உருப்படியை எழுதினார். அதே இரு வாத்தியங்களை மேற்கத்திய வாத்திய கோஷ்டியின் எதிரே நிறுத்தி, நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் 125ஆம் ஆண்டு நிறைவுக்காக 1967இல் 'நவம்பர் அடிகள்' எழுதினார். ஸெய்ஜி ஓஸாவா நடத்த, த்ஸுருதாவும் கத்ஸுயா யோகோயாமாவும் வாசித்த அந்த அரங்கேற்றத்துக்குப் பிறகு, அதே மூவரும் டொரொண்டோ ஸிம்ஃபனியோடு ஆர்.ஸி.ஏ.வுக்குச் செய்த பதிவு இன்றும் கிடைக்கிறது. 'ஹராகிரி'யையும் 'க்வைதா'னையும் கேட்டுவிட்டு இதற்கு வருபவருக்கு அந்தப் பெரிய உருப்படி முற்றத்திலும் இடிந்த வீட்டிலும் ஒத்திகை பார்க்கப்பட்டது என்று தெளிவாகிவிடும். மேடை இசையை மட்டும் அறிந்த விமரிசகர்கள் அதைத் திடீரென்று வானத்திலிருந்து இறங்கியது போல வர்ணிப்பதைப் படிக்கையில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

டெஷிகஹாராவோடு செய்தவை வேறு வகை. 'மணற்குன்றுப் பெண்'ணில் (1964) தந்தி வாத்தியங்கள் ஸ்வரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகின்றன. திரையில் மணல் சரிகிறது, காதில் சுருதி சரிகிறது. இவ்வளவு நேரடியான உவமை மற்றொருவர் கையில் அசட்டுத்தனமாகியிருக்கும். இங்கே, இசை வந்து போகும் நேரம் மிகக் குறைவாக இருப்பதால், அது தப்பித்துக்கொள்கிறது. 'வேறொருவன் முகம்' (1966) படத்துக்கு அவர் எழுதிய வால்ட்ஸ் நடனமெட்டோ பெரும் பிரசித்தி அடைந்தது. தீயில் முகம் இழந்தவன் பிறன் முகத்தை அணிந்துகொண்டு அலையும் கதைக்கு அத்தனை இனிமையான, பழைய ஐரோப்பிய நளினமுள்ள மெட்டை வைத்தது ஒரு கொடூரமான பரிகாசம். மதுக்கடையில் ஒருத்தி அதே மெட்டை ஜெர்மன் மொழியில் பாடும்போது, மெட்டும் ஒரு முகமூடிதான் என்று உறைக்கிறது.

அந்த வால்ட்ஸ்தான் மறுபதிவுகளின் செல்லப்பிள்ளை. டகேமித்ஸு தம் இறுதிக் காலத்தில், 1959இல் டெஷிகஹாரா எடுத்த 'ஹோஸே டோரெஸ்' என்ற குத்துச்சண்டை வீரரைப் பற்றிய படம், ஹிரோஷிமாவைப் பற்றி ஷோஹேய் இமாமுரா 1989இல் எடுத்த 'கறுப்பு மழை', மேற்சொன்ன 'வேறொருவன் முகம்' ஆகியவற்றிலிருந்து மூன்று பகுதிகளைத் தந்தி வாத்தியங்களுக்கென்று கோத்துக்கொடுத்தார். மரின் ஆல்ஸப் போர்ன்மத் ஸிம்ஃபனியோடு செய்த பதிவு உள்படப் பல பதிவுகள் இதற்கு உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் லண்டன் ஸின்ஃபோனியெட்டாவை நடத்தி, நன்ஸச் நிறுவனம் 1997இல் வெளியிட்ட திரையிசைத் தட்டு மேலைநாட்டு ரஸிகர்கள் பலருக்கு முதல் அறிமுகம். வாசிப்பு சுத்தமானது, ஒலிப்பதிவு விசேஷமானது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மெட்டு உள்ள இடங்கள்தான் இப்படி மேடைக்கு ஏறுகின்றன. மரம் பிளந்தவனும் சீட்டுக் கலைத்தவனும் படத்திலேயே தங்கிவிடுகிறார்கள். இவற்றை மட்டும் கேட்டவர் டகேமித்ஸுவை ஓர் இனிய, சற்றே சோகமான மெல்லிசைக்காரர் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

அகிரா குரோஸவாவின் 'ரான்' (1985) தட்டின் எல்லையை வேறு விதமாகக் காட்டுகிறது. மஹ்லரைப் போன்ற இசை வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்ததும், இருவருக்கும் மனஸ்தாபம் மூண்டதும் பிரசித்தம். முதலில் லண்டன் ஸிம்ஃபனியை நாடிய குரோஸவா, நடத்துநர் ஹிரோயுகி இவாகியைச் சந்தித்தபின் ஸப்போரோ ஸிம்ஃபனியையே அமர்த்திக்கொண்டார். மூன்றாம் கோட்டை வீழ்கிற காட்சியில், வாளும் குதிரையும் அலறலும் ஒன்றுமே கேளாமல், கீழ்ஸ்தாயியில் கனத்து நகரும் வாத்திய கோஷ்டி மட்டும் ஒலிக்கிறது. நெருப்பும் ரத்தமும் ஊமையாக ஓடுகின்றன. கதையின் நாயகரான கிழப் பிரபுவின் மூத்த மகன் தாரோவின்மேல் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்கிறது. அந்தக் கணத்தில் இசை அறுந்து, யுத்தத்தின் இரைச்சல் எல்லாம் ஒருசேரத் திரைக்குள் புகுகிறது. இத்தனை நேரம் நாம் கேட்ட துக்கத்துக்கு அர்த்தம் கொடுப்பது அந்தத் துப்பாக்கி ஓசை. தட்டில் அது இல்லை. இசை தன் போக்கில் முடிந்துவிடுகிறது, நல்ல இசையாகவே முடிகிறது, அவ்வளவுதான்.

கடைசிக் காலத்து 'ரிக்யூ' (1989), அவர் ஹாலிவுட்டுக்குச் செய்த 'ரைஸிங் ஸன்' (1993), ஷினோடாவின் 'ஷராகு' (1995) முதலியவற்றை நேரம் உள்ளவர்கள் தேடிக் கேட்கலாம். 'ரிக்யூ' அதற்குத் தகுதியுடையது, ஹாலிவுட் படத்தைப் பற்றி அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். பையில் காசு அளவாக உள்ள ரஸிகர்களுக்கு என் யோசனை, விக்டர் வரிசையில் கோபயாஷிக்குரிய தட்டை முதலில் வாங்குவது. அதையும் 'க்வைதான்' படம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பார்த்தபின் ஒரு தடவை என்று கேட்பது. வால்ட்ஸ் எப்படியும் ஏதாவது ஒரு வானொலியில் தானே வந்துவிடும்.