கணக்கில் முந்தும் ஆறு வயதுக்கு எது சரி? நான்கு பொருள்கள், ஆறு மாத அனுபவம்

எங்கள் வீடு ஓசூரில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில். மாடியில் நின்றால் ஜூஜுவாடிப் பக்கம் போகும் லாரிகள் வரிசையாகத் தெரியும். என் மகளுக்கு வண்டிகளின் நம்பர் பிளேட்தான் கணக்குப் புத்தகம். ஓசூர் வண்டி 70, எலெக்ட்ரானிக் சிட்டி வண்டி 51. இரண்டும் கடந்து மறைவதற்குள் “நூத்தி இருபத்தொண்ணு” என்பாள். வயது ஆறு.

இந்த ஆண்டு அவளுக்கு வீட்டிலேயே பாடம். “அபாகஸ்ல சேர்த்துடுங்க” என்றார்கள் சிலர். அபாகஸ் தருவது வேகம். அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. “மூணாங்கிளாஸ் புத்தகத்தைக் குடுங்க” என்றார்கள் வேறு சிலர். அவள் கூட்டல் மூன்றாம் வகுப்பில் இருக்கலாம். வாசிப்பு ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறது. நான்கு வரி எழுதினால் விரல் வலிக்கிறது என்கிறாள். கணக்கில் முந்தும் குழந்தைகள் பலருக்கும் இதுதான் நிலை.

அதனால் நான்கு பொருள்களை ஆறு மாதம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அளவுகோல் ஒன்றே ஒன்று: விடை சொன்ன பிறகு அவள் கை அந்தப் பொருளை விடுகிறதா, தொடர்கிறதா?

கான் அகாடமி கிட்ஸ்

2 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கான செயலி. முழுக்க இலவசம், விளம்பரமோ சந்தாவோ கிடையாது. கோடி என்ற கரடி பேசிப் பேசி நடத்திச் செல்லும். நூலகப் பகுதிக்குள் போய், தெரிந்ததைத் தாண்டி மேல்நிலைப் பாடத்தை நாமே எடுத்துக் கொடுக்கலாம். முந்திய குழந்தைக்கு இது பெரிய வசதி. ஆனால் பாடங்கள் இரண்டாம் வகுப்பு அளவோடு முடிகின்றன. சரியான விடையைத் தொட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும். தினமும் 20 நிமிடப் பயிற்சிக்கு நல்லது.

டிராகன்பாக்ஸின் நம்பர்ஸ்

இந்தச் செயலியில் எண்கள் உயிருள்ள பொம்மைகள். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம், குறுக்கே வெட்டலாம், ஒன்றை இன்னொன்றுக்குத் தின்னக் கொடுக்கலாம். 7ஐ வெட்டினால் 3ம் 4ம் துள்ளி எழும். வாசிக்கத் தெரியாத குழந்தையும் தனியே ஆடலாம். சாண்ட்பாக்ஸ் பகுதியில் கேள்வியே இல்லை, வெறும் விளையாட்டுதான். என் மகள் அதிக நேரம் இருந்தது அங்கேதான். சந்தா கட்ட வேண்டும் என்பதால், கூட்டல் கழித்தலைத் தாண்டிவிட்ட குழந்தைக்கு ஓரிரு மாதம் போதும்.

குயிசனேர் கட்டைகள்

பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கியவை. 1 செ.மீ. வெள்ளை, 2 செ.மீ. சிவப்பு என்று தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம். கட்டையின் மேல் எண் எதுவும் எழுதியிருக்காது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய மலிவான செட்டில் பத்து வெள்ளையை வரிசையாக வைத்தால் ஓர் ஆரஞ்சைவிட ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டது. அவள் அப்பா சிப்காட்டில் டூல்ரூம் வேலை செய்பவர். வெர்னியரை எடுத்து அளந்துவிட்டு, “ஒவ்வொண்ணுலயும் பாயிண்ட் ஒன் ஃபைவ் கூட இருக்கு, பத்துல சேர்ந்து வந்துடுச்சு” என்றார். பார்வைக்குச் சின்னப் பிசகுதான். ஆனால் பத்து ஒன்றுகள் ஒரு பத்து என்பதைக் கண்ணால் காட்டத்தான் இந்தப் பொருளே. திருப்பி அனுப்பிவிட்டு வேறு செட் வாங்கினோம், 74 துண்டுகள் கொண்டது.

அதில் ஒரு விளையாட்டு, ரயில் கட்டுவது. 3 நீளத்துக்கு எத்தனை விதமாக ரயில் கட்டலாம்? முழு 3; 2+1; 1+2; 1+1+1. மொத்தம் நான்கு. 4 நீளத்துக்கு எட்டு வந்தது. 5க்கு, கட்டும் முன்பே “பதினாறு” என்றாள். வழக்கமாக அங்கே எழுந்துவிடுவாள். அன்று எழவில்லை. பதினாறையும் தரையில் பரப்ப ஆரம்பித்தாள். அதற்கு 28 வெள்ளை வேண்டும், செட்டில் 22தான். மிச்சம் ஆறுக்குச் சமையலறையிலிருந்து புளியங்கொட்டை வந்தது. சாப்பாடு ஆறிப்போனது. ஏன் இரட்டிப்பாகிறது என்று கேட்டுக்கொண்டே தூங்கினாள். ஐந்து வெள்ளைக்கு நடுவே நான்கு இணைப்புகள். ஒவ்வொன்றையும் ஒட்டலாம் அல்லது வெட்டலாம். இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. இதை அவளே கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. நான் முந்திச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வெள்ளையும் சிவப்பும் மட்டும். வெள்ளை குறில், ஒரு மாத்திரை. சிவப்பு நெடில், இரண்டு மாத்திரை. “த, தா” என்று கைதட்டிக்கொண்டே அடுக்கினோம். நீளம் 1 முதல் 5 வரை கிடைத்தவை 1, 2, 3, 5, 8. பிபோனாச்சி 1202இல் எழுதிய வரிசை இதுதான். அவருக்கு முன்பே விரகாங்கரும் 12ஆம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரரும் செய்யுளின் மாத்திரைகளை எண்ணியே இதைக் கண்டிருந்தார்கள்.

பாடநூல்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி.யின் ‘மேத்ஸ் மேளா’வும் இணையத்தில் இலவசம். தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புக் கணக்கில் ‘எண்கள்’ பகுதியைத் தாண்டிவிட்டு, ‘வடிவியல்’, ‘அமைப்புகள்’, ‘அளவைகள்’ பகுதிகளை எடுங்கள். கேள்வியை நீங்கள் வாசியுங்கள். விடையைக் குழந்தை வாயால் சொல்லட்டும். எழுதச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம்.

காசில்லாமல் கிடைக்கும் இன்னொன்றும் இந்த எல்லை ஊரில் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி 90ஐ ‘தொம்பத்து’ என்கிறார், எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தை ‘தொம்பை’ என்கிறார். “நம்ம தொண்ணூறுல மட்டும் ஏம்மா நூறு வருது?” என்று கேட்டாள். இடமதிப்பைப் பற்றி நாங்கள் நீண்ட நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

தீர்ப்பு

முதலில் கட்டைகள். அடுத்து இலவசப் பாடநூல்கள். மூன்றாவதாக, தினம் 20 நிமிடம் கான் அகாடமி கிட்ஸ். சந்தா செயலி இவற்றுக்குப் பிறகுதான். குழந்தை வேகமாக விடை சொல்கிறது என்பதற்காக இன்னும் பெரிய எண்ணைக் கொடுக்காதீர்கள். பல விடைகள் உள்ள கேள்வியைக் கொடுங்கள். கட்டை செட் வீட்டுக்கு வந்ததும், குழந்தையின் கையில் கொடுக்கும் முன் பத்து வெள்ளையை ஓர் ஆரஞ்சின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனி சரியாகச் சேர்ந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.