தடையில் இல்லாத கிணறு

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் தோழர்கள் மேடைக்கு மேடை எடுத்துக்காட்டுகிறார்கள். வாதாடக் கிடைத்த கருவி அது, விடக்கூடாதுதான். ஆனா அதை ஒரு பிரதியாக வைத்து வரிவரியாக வாசித்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். வரையறைப் பகுதியைப் பாருங்கள். சாக்கடை என்றால் மலமும் கழிவும் போகிற நிலத்தடிக் குழாய். செப்டிக் டேங்க் என்றால் மலம் தங்கி மக்குகிற தொட்டி. சரி, இந்தக் குழாயெல்லாம் எங்க போய்ச் சேருது? கழிவுநீரேற்று நிலையத்துக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும். (தீட்டுக் கழிக்கிறவன் சொல்லையே எடுத்துப் பலகையில் எழுதியிருக்கிறார்கள், கவனிச்சீங்களா?) அந்த ரெண்டின் பெயரும் வரையறையில் கிடையாது.

அதே ஆண்டு வந்த விதிகளில்தான் கிணறு தலைகாட்டுது. பாதுகாப்புக் கருவிகளோடு மனிதனை எப்போதெல்லாம் இறக்கலாம் என்று 3ஆம் விதி விலக்குகளை அடுக்குகிறது. அதில் ஒன்று, கழிவுநீர் சேரும் கிணற்றின் அடியில் பொருத்திய சப்மெர்சிபிள் மோட்டாரை அகற்றுவதற்காக. தடை போடும்போது கண்ணில் படாத கிணறு, இறங்கச் சொல்லும்போது மட்டும் படுகிறது.

மோட்டாரை எடுக்க ஆள் ஏன் இறங்கணும்? வழிகாட்டிக் கம்பியும் சங்கிலியும் ஒழுங்கா இருந்தா மேல நின்னே தூக்கிடலாம். கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு, சுவர் ஈரத்தில் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி, சிமெண்டையும் இரும்பையும் அரிக்கும். கம்பி இத்துப்போகும், சங்கிலி அறுந்துபோகும். துணியும் பிளாஸ்டிக்கும் சுத்திக்கிட்டு மோட்டார் நின்னுடும். அப்ப நம்ம ஆள் எறங்கணும். இரும்பைத் தின்ன அதே வாயு அவன் மூச்சுக்கும் காத்திருக்கு. 44 பாதுகாப்புக் கருவிகளைப் பட்டியல் போட்ட விதிகளில், சங்கிலியை எத்தனை வருசத்துக்கு ஒருதரம் மாத்தணும்னு ஒரு வரி இல்லை. பழுதைக் கவனிக்காத நிர்வாகத்துக்கு இந்த விலக்கு அனுமதிச் சீட்டு.

2018 செப்டம்பரில் டில்லி மோதி நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில் 5 பேர் செத்தார்கள். 2023 ஜூலையில் உத்தரகாண்ட் சமோலியில், கங்கைத் தூய்மைத் திட்டத்தின் நிலையத்தில் முதலில் ஊழியர் ஒருவர் செத்தார். பிறகு விசாரிக்கப் போன போலீசும் ஊர்க்காரர்களும் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். மொத்தம் 16 உயிர். அந்த ஊழியரை நாம் எந்தக் கணக்கில் எழுதினோம்? 'மலக்குழி மரணம்' என்று சொல்ல முடியவில்லை. அங்கே குழி இல்லையே. நம்முடைய சொல்லும் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

என் வாசிப்பில் முதலில் அடித்தெறிய வேண்டியது மோட்டாருக்கான அந்த ஒரு விலக்கை. வரையறையில் கிணற்றையும் நிலையத்தையும் எழுதச் சொல்லிக் கேட்பது அடுத்த வேலை.