ஓடாத பந்தயம்

பத்துத் தேர்கள், தேருக்கு நான்கு குதிரைகள். டெல்ஃபியில் ஆறாவது சுற்று முடிந்து ஏழாவது தொடங்கும்போது ஏனியாக்காரனின் குதிரைகள் கடிவாளத்துக்கு அடங்காமல் பாய்ந்து, லிபியத் தேர் ஒன்றில் நேருக்கு நேர் மோதுகின்றன. அடுத்தடுத்து வந்தவையும் அதில் சிக்க, களம் முழுக்க உடைந்த தேர்கள். ஏதென்ஸ் சாரதி மட்டும் சுதாரித்து, குதிரைகளை இழுத்துப் பிடித்து ஓரம் ஒதுங்குகிறான். கடைசிக் கட்டத்தை நம்பி பின்னால் வந்துகொண்டிருந்த ஒரெஸ்டீஸும் தப்புகிறான். மிச்சம் இரண்டே தேர்கள்.

இனி ஒரெஸ்டீஸின் கைகளைக் கவனியுங்கள். இடப்பக்கமாக வளையும் பந்தயம் இது. உள்பக்கக் குதிரையை அடக்கி, வெளிப்பக்கக் குதிரைக்கு வாரைத் தளர்த்தினால்தான் தேர் எல்லைத் தூணை உரசினாற்போல் திரும்பும். சுற்றுக்குச் சுற்று அதைப் பிசகாமல் செய்தவன், ஒரே ஒரு திருப்பத்தில், குதிரை வளைந்து முடிப்பதற்குள் இடது வாரை விட்டுவிடுகிறான். தூணின் விளிம்பில் மோதி அச்சு முறிகிறது. வாரில் சிக்கிய உடலைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன.

இப்படி ஒரு பந்தயம் நடக்கவே இல்லை. சோஃபக்ளீஸின் ‘எலெக்ட்ரா’ நாடகத்தில், ஒரெஸ்டீஸைச் சிறு வயதில் காப்பாற்றி வளர்த்த கிழவர் அரண்மனை வாசலில் நின்று சொல்லும் பொய் இது. அவன் உயிரோடு, அதே ஊரில், யாரோ ஒரு அந்நியனாக நிற்கிறான். தந்தை அகமெம்னானைக் கொன்ற தாய் கிளைடெம்னெஸ்ட்ராவையும் அவள் துணைவன் ஏஜிஸ்தஸையும் பழிவாங்க, தான் செத்துவிட்டதாக முதலில் அவர்கள் நம்ப வேண்டும்.

செத்தான் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சோஃபக்ளீஸ் 80 வரிகளுக்கு மேல் கொடுத்திருக்கிறார். கிழவர் சாவில் தொடங்குவதில்லை. முதல் நாள் ஒரெஸ்டீஸ் வென்றதையும், அவன் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கட்டியக்காரர் உரக்க அறிவித்ததையும் சொல்லித் தொடங்குகிறார். மறைக்க வேண்டிய பெயரையே கூவிச் சொல்கிறது பொய். தோல்விக்கும் தேர் ஓட்டிய எவனும் தலையாட்டக்கூடிய ஒரு சிறு கைப்பிழைதான் காரணம். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. அரிஸ்டாட்டில் தன் ‘கவிதையியல்’ நூலில் இந்தப் பந்தயச் செய்தியைப் பொருந்தாத ஒன்றாகக் குறிப்பிடுகிறார். டெல்ஃபியின் தேர்ப் பந்தயம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது; கதையோ டிராய்ப் போரை ஒட்டிய காலத்தது. கணக்குப் பார்த்தால் பிழைதான். ஆனால் டெல்ஃபியின் தேரோட்டத்தை அறிந்த ஏதென்ஸ் ரசிகர்களுக்கு, அந்த அச்சு முறியும் சத்தம் காதில் விழுந்திருக்கும். எனக்கு அதுதான் பெரிது.

இந்தப் பொய்யை இரண்டு பெண்கள் கேட்கிறார்கள். தாய்க்கு ஒரு கணம் வயிறு பிசைகிறது. அடுத்த கணமே பயம் விட்டுப்போகிறது. குறி பார்த்தது அவளை. அம்பு தைத்தது தம்பி வருவான் என்று ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த எலெக்ட்ராவை. கி.மு. 458-இல் எஸ்கிலஸ் இதே கதையை மேடையேற்றியபோது, தந்தையின் கல்லறையில் கிடந்த முடிக்கற்றையையும் காலடித்தடத்தையும் கொண்டு அக்காவும் தம்பியும் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறார்கள். சோஃபக்ளீஸ் விடுவதில்லை. சுமார் 1,500 வரி நாடகத்தில் 1,200 வரி தாண்டிய பிறகுதான் தந்தையின் முத்திரை மோதிரத்தைக் காட்டித் தம்பி தன்னை யாரென்று சொல்கிறான்.

அதற்கு முன் அவளிடம் வெண்கலக் கலசத்தைத் தருகிறான், இவள்தான் அக்கா என்று தெரியாமலே. அதற்குள் தம்பியின் சாம்பல் இருப்பதாக நினைத்து அவள் அழுகிறாள். அழுகையைக் கேட்கக் கேட்க அவனுக்கு நாக்குக் கட்டுக்கடங்கவில்லை. பழி முடியும்வரை அந்நியனாகவே இருந்திருக்க வேண்டியவன், காரியம் கெட்டுவிடும் ஆபத்து இருந்தும் வாய் திறக்கிறான். நாடகத்தின் உச்சம் கொலையல்ல, இந்த இடம்தான் என்பேன்.

நடிகருக்கும் இதுதான் சோதனை. கிரேக்க மேடையில் பெண் வேடமும் ஆணுக்குத்தான். முகத்தை முகமூடி மூடியிருக்கும். மிஞ்சுவது குரலும் கையும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு நடிகர் போலஸ், இறந்துபோன தன் மகனின் சாம்பல் இருந்த கலசத்தையே கல்லறையிலிருந்து எடுத்துவந்து, அதை அணைத்துக்கொண்டு எலெக்ட்ராவாக அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். அன்று அந்த அழுகையில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு தகப்பன் என்று யாராலும் பிரித்திருக்க முடியாது.

எஸ்கிலஸிடம் ஏஜிஸ்தஸ் முதலில் சாகிறான், தாய் பிறகு. சோஃபக்ளீஸ் வரிசையை மாற்றுகிறார். ஏஜிஸ்தஸ் வீடு திரும்பும்போது துணி போர்த்திய ஓர் உடல் கிடக்கிறது. தேரில் இழுபட்டுச் செத்தவனைப் பார்க்கும் ஆசையோடு நெருங்குகிறான். துணியை நீயே விலக்கு என்கிறான் பக்கத்தில் நிற்கும் அந்நியன். கிளைடெம்னெஸ்ட்ராவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஏஜிஸ்தஸ் துணியை விலக்குகிறான். அவள் அங்கேயே கிடக்கிறாள்.