வேங்கட எல்லையும் பேரரசு ஆட்டமும்: புறத்திணை நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுகிறது. அவ்வேங்கடத்தைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதிப் பகுதி பல்லவர், வாணர், சோழர், இராட்டிரகூடர், யாதவராயர் என அடுத்தடுத்து வந்த ஆட்சிகளுக்கு எல்லைப்புறமாக விளங்கியது; விசயநகர ஆட்சியின் இறுதிக் காலத்தில் சந்திரகிரி தலைநகராகவும் ஆயிற்று. பேரரசு எவ்வாறு கட்டப்படுகிறது என்னும் வினாவை இப்பகுதியின் பாடல்களையும் கல்வெட்டுகளையும் கொண்டு ஆராய்வது வரலாற்றறிஞர் மரபு. இன்று அவ்வினாவை வேறொரு பனுவலும் எழுப்புகிறது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'சிவிலைசேஷன் 7' என்னும் கணினி விளையாட்டில் மோரியரும் சோழரும் ஆடுவோர் தேர்ந்துகொள்ளும் நாகரிகங்களாக இடம்பெற்றுள்ளனர். அவ்விளையாட்டு முன்வைக்கும் பேரரசு உத்தியை வேங்கடப் பகுதியின் சான்றுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இலக்கணம்

சிட் மெயர் 1991இல் தொடங்கிய இவ்விளையாட்டு வரிசை, சதுரங்கம் போல ஒருவர்பின் ஒருவராக முறை வைத்து ஆடப்படுவது. இவ்வகை விளையாட்டுகளின் இயல்பை 1993இல் ஆலன் எம்ரிச் என்னும் எழுத்தாளர் நான்கு செயல்களாக வகுத்தார். நிலத்தைத் தேடிக் காணுதல், விரிதல், வளத்தைப் பயன்கொள்ளுதல், மாற்றாரை அழித்தல் என்பன அவை. தொல்காப்பியர் திணைக்குத் துறை வகுத்ததுபோல இந்நான்கும் ஆட்டத்தின் துறைகளாக நிற்கின்றன.

சோழரைப் படைத்துக்காட்டியதில் விளையாட்டை உருவாக்கியோரின் உழைப்பு தெரிகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களின் பெயர்கள் கட்டடங்களாக வருகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாக வருகிறது. போரை மட்டும் காட்டாமல் வணிகத்தையும் கடலையும் சோழர் வலிமையாகக் கொண்டமை கல்வெட்டாய்வின் முடிவுகளோடு ஒத்துச்செல்வதாகும். ஆயினும் சோழர் இடம்பெற்றதையே பெருமையாகக் கொண்டு அமைவதும், விளையாட்டுத்தானே என்று ஒதுக்குவதும் திறனாய்வுக்கு உதவா. அதன் இலக்கணம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

மோரியரும் ஆதனுங்கனும்

விளையாட்டு மூன்று காலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற்காலத்தில் மோரியராக ஆடியவர் அடுத்த காலத்தில் சோழராக மாறலாம். இந்நிலத்தில் தோன்றிய இருபேரரசுகள் என்பதால் ஒன்று மற்றொன்றின் வளர்ச்சியாகக் காட்டப்படுகிறது. சங்கப் பாடல்கள் இதற்கு மாறாக நிற்கின்றன. அகநானூறு 251ஆம் பாடலில் மாமூலனார் மோரியரைத் தேரோடு தெற்கே வந்த புதியவராகவே காண்கிறார். அவரே 61ஆம் பாடலில் புல்லி என்னும் தலைவனின் வேங்கடத்தை விழாச் சிறப்புடைய மலையாகப் பாடுகிறார். பொருள்தேடிப் பிரிந்த தலைவன் எல்லைகடந்து செல்லும் வழியும், பேரரசின் தேர் வந்த வழியும் ஒரே புலவரின் பாலைத்திணையில் அடங்குகின்றன.

இதனினும் கூர்மையான சான்று புறநானூற்றில் உள்ளது. கள்ளில் ஆத்திரையனார் பாடிய 389ஆம் பாடல் ஆதனுங்கனை வேங்கடத்துக்கு உரியவன் என்கிறது. அவனை அவரே பாடிய 175ஆம் பாடலில் மோரியர் வருகின்றனர். அவர்தம் ஆழி உருளுதற்கு வெட்டப்பட்ட மலைவாயிலில் நிலைபெற்ற ஞாயிறு போல, நாள்தோறும் பலரைக் காக்கும் அறத்தில் நிற்பவன் ஆதனுங்கன் என்பது புலவர் கருத்து. இங்குள்ள மோரியரைப் பழைய உரைகாரர் சக்கரவாளச் சக்கரவர்த்திகள் எனக் கொண்டார். வரலாற்றறிஞர் பலர் மௌரியர் எனக் கொள்வர். எப்பொருள் கொள்ளினும் பாடலின் அமைப்பு மாறுவதில்லை. உலகை ஆளும் ஆழி உவமைக்குள் அடங்க, சிறுகுடித் தலைவனின் கொடை பொருளாக மேலெழுகிறது.

விளையாட்டில் ஆதனுங்கனைப் போன்றோர்க்கு ஓர் இடம் உண்டு. தன்னுரிமைக் குடிகள் என்னும் சிற்றரசுகள் வரைபடத்தில் ஆங்காங்கே காணப்படும். அவற்றை நட்பாக்கலாம், மேலாண்மைக்கு உட்படுத்தலாம், தம்மோடு இணைக்கலாம், கலைத்தும் விடலாம். ஆனால் அக்குடியாக இருந்து ஆட எவராலும் இயலாது. பேரரசின் முறைக்காகக் காத்திருப்பதே அதற்கு விதிக்கப்பட்டது.

மாற்றானின் முறை

புறத்திணை மரபு இவ்விடத்தில் வேறுபடுகிறது. தொல்காப்பியம் ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சிக்குள்ளும், மதில் முற்றுதலையும் காத்தலையும் உழிஞைக்குள்ளும் அடக்கியது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வெட்சிக்கு எதிராகக் கரந்தையையும், வஞ்சிக்கு எதிராகக் காஞ்சியையும், உழிஞைக்கு எதிராக நொச்சியையும் தனித் திணைகளாக நிறுத்தியது. கவர்ந்தவனுக்கு ஒரு பூ உண்டெனில் மீட்டவனுக்கும் ஒரு பூ உண்டு. போர் என்பது இருவர் மாறிமாறி ஆடுவது என்னும் தெளிவு இவ்வகுப்பில் உள்ளது. முறை என்னும் தமிழ்ச்சொல் வரிசையையும் நீதியையும் ஒருசேரக் குறிப்பது இங்கு எண்ணத்தக்கது. விளையாட்டில் முறை வரிசையாக மட்டுமே எஞ்சுகிறது. தோற்றவனுக்குத் துறை இல்லை.

வேங்கடப் பகுதியின் வரலாறு கரந்தைக்கும் நொச்சிக்கும் சான்றாக அமைகிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றினான். அவன் இறந்தது காளத்தியை அடுத்த தொண்டைமானாற்றூரில். அங்கு அவனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவன் அவன் மகன் முதலாம் பராந்தகன். பராந்தகன் வாணரை வென்றபோது அந்நாட்டைத் தன் நேராட்சியில் கொள்ளாமல், வாணாதிராசன் என்னும் பட்டத்தோடு கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தான். 949இல் தக்கோலத்தில் இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணனின் ஆணை தொண்டை நாட்டில் பரவியது. முதலாம் இராசராசன் பொன்னையாற்றங்கரை மேற்பாடியில் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எழுப்பியது இவ்விழப்பை மீட்டபின்னரே. எல்லையில் இறந்த முன்னோர்க்குக் கோயில் எடுத்து அந்நிலத்தின்மீது உரிமை கோரிய இவ்வுத்தி, விளையாட்டின் நான்கு செயல்களுள் எதிலும் அடங்காது.

தோற்ற வாணரும் மறைந்துவிடவில்லை. வாணகோவரையர் என்னும் பட்டம் 13ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்கிறது. சோழர்க்கு அடங்கி இப்பகுதியை ஆண்ட யாதவராயர் சோழர் தளர்ந்தபின்னும் நிலைத்தனர். கலைக்கப்பட்ட குடி வரைபடத்திலிருந்து நீங்குவது ஆட்டத்தில் நிகழும். எல்லைப்புறத்தில் அது பெயர் மாற்றிக்கொண்டு திரும்பும்.

கோயிலும் கால்வாயும்

திருமலைக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பல்லவர் குடிப்பெண் சாமவை வெள்ளித் திருமேனியும் அணிகளும் நிலமும் அளித்த தமிழ்க் கல்வெட்டைப் பெரும்பாலோர் 966ஆம் ஆண்டினதாகக் கொள்வர். தக்கோலப் போருக்குப் பின், பேரரசர் உரிமை உறுதிப்படாதிருந்த இடைக்காலம் அது. காடவன் பெருந்தேவி என்னும் தன் பட்டப்பெயரை அவ்வேளையில் அவள் மலையில் பொறித்தாள்.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழி பெருகியது. சந்திரகிரியை நிலைக்களமாகக் கொண்ட சாளுவ நரசிம்மன் 1485இல் விசயநகர அரியணை ஏறினான். கிருட்டிணதேவராயர் 1513 முதல் ஏழுமுறை திருமலைக்கு வந்தார். இக்காலக் கொடைகளை ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டைன் 1960இல் ஒரு முக்கியமான செய்தியை எடுத்துக்காட்டினார். கோயிலுக்கு அளிக்கப்பட்ட பணம் கருவூலத்தில் உறங்கவில்லை; கோயில் ஊர்களில் ஏரியும் காலும் வெட்டச் செலவிடப்பட்டது. பெருகிய விளைச்சலால் படையல் நடந்தது. படையலில் நான்கில் ஒரு பங்கு 'விட்டவன் விழுக்காடு' எனக் கொடையாளரைச் சேர்ந்தது. அரசன், வணிகன், கோயிற்பணியாளர், உழவர் ஆகியோர் இவ்வொழுங்கில் இணைந்தனர்.

விளையாட்டில் கோயில் ஒரு நிலக்கட்டத்தை நிரப்பி, ஆடுவோரின் கணக்கில் எண்ணைக் கூட்டும் பொருள். திருமலையில் கோயில் தானே முதலீடு செய்யும் நிறுவனம். அதன் வழியே அரசன் உள்ளே வருகிறான், ஆனால் அதன் கணக்கு அவனுடையதன்று. ஆட்சி மாறியபின்னும் கால்வாய் ஓடியது என்பதே இவ்வுத்தியின் வெற்றி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விளையாட்டு சோழரைத் தஞ்சையிலிருந்து வெளிநோக்கிக் காண்கிறது என்பதும், வேங்கடத்துச் சான்றுகள் பேரரசை எல்லையிலிருந்து உள்நோக்கிக் காட்டுகின்றன என்பதும் பெறப்படும். எல்லை என்பது கோடு என்னும் எண்ணமும் இதனோடு தொடர்புடையது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை, ஆந்திர மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தெற்கேயும் திருப்பதி வடக்கேயும் நின்றன. திருமலைச் சுவர்களின் தமிழும் தெலுங்கும் அக்கோட்டுக்கு முன்பே ஒன்றாக வாழ்ந்தவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் தொகை குறையுமாயின், பேரரசு பற்றி அடுத்த தலைமுறை அறியப்போவது ஆட்டத்தின் இலக்கணத்தை மட்டுமே.

ஆதலின் புறத்திணையும் கல்வெட்டும் கற்பிக்கும் வகுப்பறைகள் இவ்விளையாட்டை ஒப்பீட்டுப் பனுவலாக ஏற்பது பயன்தரும். உழிஞையாக மட்டும் ஆடிப் பழகிய மாணவர்க்கு நொச்சியின் முறையையும் உணர்த்தும் கடமை தமிழாய்வுக்கு உண்டு.