பொய்யைப் பார்க்க வந்தவர்கள்

தொழில்முறை மல்யுத்தத்தை ரசிப்பவன் யார் என்று கேட்டால் எமது இலக்கிய நண்பர்களிடம் தயாரான விடை ஒன்று இருக்கிறது. படிப்பில்லாதவன், வன்முறையில் இன்பம் காண்பவன், மேடையில் நடப்பது நாடகம் என்பதைக்கூட விளங்கிக்கொள்ளாதவன். அமெரிக்காவிலோ இந்தச் சித்திரத்தோடு வர்க்க வாடையும் சேர்ந்துவிடும். தென்மாநிலத்து ஏழை வெள்ளையன், கையில் பியரோடு தொண்டை கிழியக் கத்துகிறவன் என்பார்கள். வெகுசன வாசிப்பைப் பற்றி மிகுந்த அனுதாபத்தோடு கட்டுரைகள் எழுதும் நண்பர் ஒருவர்கூட, தன் மகன் இரவில் இதைப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "மூளை கெட்ட வேலை" என்றார். இந்த இளக்காரம் நியாயமானதுதானா என்று பார்க்க வேண்டும். முஸ்லிம் வாசகர்கள் என்ற வகையில் எங்களுக்கு இதில் தனியான அக்கறையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரசிகனை முதலில் ஏமாளி என்றவர்கள் விமர்சகர்கள் அல்லர், அந்தத் தொழில்காரர்களே. அமெரிக்காவின் ஊர் ஊராய்த் திரிந்த களியாட்டச் சந்தைக் கூடாரங்களின் குழூஉக்குறியில் பார்வையாளனுக்கு 'மார்க்' என்று பெயர். பணம் கறப்பதற்காகக் குறிவைக்கப்பட்டவன் என்பது பொருள். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்ற இரகசியத்தைக் காக்கும் ஒழுங்குக்கு 'கேபேப்' என்று பெயர். மேடையில் எதிரிகளாக நிற்பவர்கள் வெளியேயும் ஒன்றாகக் காணப்படக் கூடாது என்பது அந்த ஒழுங்கின் ஒரு விதி. 1987 மே மாதத்தில் ஈரானிய வில்லனான அயர்ன் ஷேக்கும், அமெரிக்கக் கொடியோடு வரும் ஜிம் டக்கனும் ஒரே காரில் பயணம் செய்து நியூ ஜேர்சிப் பொலிஸாரிடம் போதைப்பொருளுடன் அகப்பட்டார்கள். போதைப்பொருளை விட, ஜென்ம விரோதிகள் இருவரும் ஒரே காரில் இருந்ததுதான் தொழிலுக்குள் பெரிய அவமானமாகியது.

பிறகு 1989இல் நிறுவனமே நியூ ஜேர்சி மாநில செனற்றின் முன் இது கேளிக்கைதான், உண்மைப் போட்டியல்ல என்று ஒப்புக்கொண்டது. சத்தியத்தின் மீதான பற்று காரணமல்ல. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் தப்பிக்கத்தான். ரசிகர்கள் உண்மையில் ஏமாளிகளாக இருந்திருந்தால் மறுநாளே கூடாரம் காலியாகியிருக்க வேண்டும். நடந்தது மாறானது. அடுத்த பத்தாண்டுகளின் இறுதியில்தான் அந்த வியாபாரம் முன்னெப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. இரகசியம் ஒருபோதும் ரசிகனிடமிருந்து மறைந்திருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதை ரோலண்ட் பார்த் முன்பே கண்டுகொண்டார். 1957இல் வெளிவந்த 'மிதோலொஜீஸ்' நூலின் முதற்கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. பாரிஸின் இரண்டாந்தர மண்டபங்களில் கூடும் சனங்களுக்கு இது மோசடியா இல்லையா என்ற கேள்வியே பொருட்டல்ல என்றார் அவர். வலி, தோல்வி, நீதி ஆகியவை ஒளிவுமறைவின்றி வெளிப்படுவதைக் காணவே அவர்கள் வருகிறார்கள் என்பது அவரது வாசிப்பு. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் எங்கள் கிழக்கு மாகாண மனிதர்களுக்கு இது புதிய தத்துவமல்ல. அரக்கன் வேடம் கட்டியவர் பக்கத்து வளவுக்காரர் என்று தெரிந்துகொண்டேதான் அவனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் பார்த்தின் ரசிகன் ஒரு திரள் மட்டுமே, அவனுக்கு வாயில்லை. கதையை மறுத்துப் பேசும் ரசிகனை அவர் எழுதவில்லை.

அந்த ரசிகனைக் காண 2014 ஜனவரிக்கு வர வேண்டும். பிற்ஸ்பேர்க் நகரில் நடந்த 'ரோயல் ரம்பிள்' போட்டியில் முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறுவார்கள். சனங்கள் எதிர்பார்த்தது டானியல் பிரையன் என்ற சிறிய உருவமுள்ள, ஆனால் கைதேர்ந்த வீரரை. நிறுவனமோ கட்டுமஸ்தான பட்டிஸ்டாவை வெல்லவைக்கத் தீர்மானித்திருந்தது. முப்பதாவது ஆளாக ரேய் மிஸ்டீரியோ வந்தார். எல்லோருக்கும் பிடித்த வீரர். ஆனாலும் அவர் பிரையன் அல்லர் என்ற ஒரே காரணத்துக்காக மண்டபம் அவரைக் கூவி விரட்டியது. வென்ற பட்டிஸ்டாவுக்கும் அதே வரவேற்பு. ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸில் நடந்த 'ரெஸில்மேனியா'வின் இறுதிப் போட்டிக்குள் பிரையனைச் சேர்த்து, அவரையே வெல்லவைக்க வேண்டியதாயிற்று. பிரதியை வாசகன் திருத்தி எழுதுவான் என்று எத்தனையோ பக்கங்கள் நாம் எழுதியிருக்கிறோம். அதை நிகழ்த்திக் காட்டியவர்கள் 'மார்க்' என்று இழிக்கப்பட்டவர்கள்.

ஆகவே ஏமாளிகள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் ரசிகர் தரப்பு வழக்கறிஞராக நான் இத்தோடு எழுந்து போய்விட முடியாது. 'எல்லாம் நாடகம்தானே, எங்களுக்குத் தெரியும்' என்பது வசதியான விடையும்கூட. 1999 மே 23ஆம் திகதி கன்சாஸ் நகரில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் தவறி விழுந்தார். வர்ணனையாளர், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று தொலைக்காட்சிப் பார்வையாளருக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இறந்தார். நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. விழுவதும் பாவனை என்று பழகிய கண்ணுக்கு உண்மையான சாவைப் பிரித்தறிவது சிரமமாகிவிடுகிறது. அந்தப் பழியைக் கண்களின் மீது மட்டும் போட மாட்டேன், பழக்கியவர்கள் வேறு.

இனி எங்கள் அக்கறைக்கு வருகிறேன். அமெரிக்க மல்யுத்தத்தில் கெட்டவன் எப்போதும் கம்யூனிஸ்டாகவே இருப்பான் என்று பார்த் அதே கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். ஈரானியப் புரட்சிக்குப் பின் அந்த இடம் அயர்ன் ஷேக்குக்குக் கிடைத்தது. 2004 டிசம்பரில் அது 'முஹம்மத் ஹஸன்' என்ற பாத்திரத்துக்கு வந்தது. நடித்தவர் மார்க் கொபானி என்ற இத்தாலிய வம்சாவளி இளைஞர். கூடவே ஈரானிய அமெரிக்கரான ஷோன் டைவாரி. இந்த ஹஸன் ஆரம்பத்தில் சொன்னதெல்லாம் என்ன? 2001 செப்டெம்பருக்குப் பின் அரபு அமெரிக்கர்கள் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார்கள், இது அநீதி. அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மையை வில்லனின் வாயில் வைத்துவிட்டால் அதைக் கூவி அடக்குவது இலகு என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். மண்டபங்கள் 'யூ.எஸ்.ஏ.' என்று கோஷமிட்டன. கூவியவர்களுக்கு அவர் இத்தாலியர் என்பது தெரியாமலிருக்கலாம், தெரிந்துமிருக்கலாம். எந்த வித்தியாசமும் இல்லை. வேடத்தைத்தான் கூவினோம் என்று சொல்லலாம். அந்த வேடத்துக்குப் பெயர் முஹம்மத் என்றிருந்தது. தமிழ்ச் சினிமாவில் தொழுதுவிட்டு வெடிகுண்டை எடுப்பவனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தச் சால்ஜாப்பு பழக்கமானதே.

2005 ஜூலை 4இல் பதிவாகிய நிகழ்ச்சியில் டைவாரி தோற்றுக் கிடக்க, ஹஸன் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். முகமூடி அணிந்த ஆட்கள் வந்து அண்டர்ரேக்கரின் கழுத்தைக் கம்பியால் நெரித்தார்கள். டைவாரியை ஷஹீதைப் போலத் தலைக்கு மேல் தூக்கிச் சென்றார்கள். அது அமெரிக்காவில் ஒளிபரப்பானது ஜூலை 7, லண்டன் குண்டுவெடிப்புகள் நடந்த அதே நாளில். எதிர்ப்பு எழுந்தது, தொலைக்காட்சி நிறுவனம் ஹஸனை இனிக் காட்டமாட்டோம் என்றது. அந்த மாதமே பாத்திரம் முடித்துவைக்கப்பட்டது. முஸ்லிம்களை அவமதித்தது என்பதற்காக அல்ல, நேரம் பிழைத்துவிட்டது என்பதற்காகவே அது நிறுத்தப்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

டெரன் அரனோஃப்ஸ்கியின் 'த ரெஸ்லர்' (2008) படத்திலும் இதே வில்லன் வருகிறான். பெயர் 'அயதுல்லா'. நாயகன் ரண்டி அவனது கொடிக்கம்பை முறிக்கிறான். 2009இல் ஈரானிய அதிகாரி ஒருவர் இதற்காக ஹொலிவூட் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர் கொடியைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. மேடைக்கு வெளியே அந்த அயதுல்லா பழைய கார் விற்கும் சாதுவான மனிதன். இதயநோயாளியான ரண்டி தள்ளாடுகிறபோது, ஒன்றும் ஆகவில்லையே என்று காதோடு விசாரிப்பவனும் அவனே. ஆனால் ரசிகர்களை அரனோஃப்ஸ்கி காட்டிய விதத்தில் எனக்குத் திருப்தியில்லை. இரத்தம் கேட்பவர்களாக, தன் பொய்க்காலைக் கழற்றி ஆயுதமாகக் கொடுப்பவனாகத்தான் அவர்கள் வருகிறார்கள். ரண்டிக்கு ஒரு வீடும் மகளும் துயரமும் கொடுத்த கலைஞர், ரசிகனுக்கு ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை.

அந்த ரசிகர்களும் மாறாமல் இருக்கவில்லை. சிரிய வம்சாவளிக் கனேடிய முஸ்லிமான ஸாமி ஸெய்னைக் கோமாளித் துணைப்பாத்திரமாகத்தான் 2022இல் கதைக்குள் விட்டார்கள். சனங்களின் ஆரவாரம் அவரை நாயகனாக்கியது. 2023 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸில் ரெஸில்மேனியாவின் முதல்நாள் இறுதிப் போட்டியில் வென்று, கெவின் ஓவன்ஸோடு சேர்ந்து இணைச் சம்பியனாக நின்றார். அடுத்த மாதம் ஜித்தாவில் அவர் அரபியில் பேசியபோது அரங்கு அதிர்ந்தது.

இவ்விடத்தில் நாம் மகிழ்ந்து எழுந்துவிடலாம். ஆனால் அதே ஜித்தாவில் 2018 ஏப்ரல் 27இல் நடந்ததையும் சொல்லாவிட்டால் இந்த விசாரணை ஒருபக்கமாகிவிடும். சவூதி அரசாங்கத்தோடு செய்த பத்தாண்டு ஒப்பந்தத்தின் முதல் நிகழ்ச்சி அது. ஸெய்ன் அங்கு வரவில்லை. வந்தவர் ஷோன் டைவாரி, 2005இல் ஹஸனோடு நின்ற அதே மனிதர். இம்முறை தம்பி ஆரியாவோடு, கையில் ஈரானியக் கொடியோடு. புதிதாகப் பயிற்றப்பட்ட சவூதி இளைஞர்கள் நால்வர் அவர்களை அடித்து மேடையிலிருந்து விரட்டினார்கள். தென்மாநிலத்து வெள்ளையரோ பியரோ இல்லாத அந்த மைதானம், ஐந்து வேளை தொழுகிற சனங்களால் நிறைந்த மைதானம், ஈரானியக் கொடியைக் கூவி அடக்கி அந்த இளைஞர்களைக் கொண்டாடியது. ஹஸனை எழுதிய நிறுவனமே இந்தக் காட்சியையும் எழுதிக் கொடுத்தது. பார்வையாளரைப் பற்றி மட்டும் இவ்வளவு எழுதிய விமர்சகர்கள், அந்த மேசையில் உட்கார்ந்து எழுதுபவர்களைப் பற்றி இன்னும் போதியளவு எழுதவில்லை.