ஆபர்லெம்னோவின் கற்கள்

ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் வட்டாரத்தில், ஃபார்ஃபரிலிருந்து பிரீக்கின் போகும் சாலையில் ஆபர்லெம்னோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சாலையோரத்தில் மூன்று கற்களும் தேவாலய முற்றத்தில் ஒரு கல்லும் நிற்கின்றன. மூன்றில் ஒன்று உருத் தேய்ந்துபோனது. செதுக்கியவர்கள் பிக்ட் மக்கள். ரோமானியர் காலம் தொட்டு ஒன்பதாம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள். அரசர் பட்டியலுக்கு மேல் அவர்கள் எழுத்தில் விட்டுச்சென்றது சொற்பம். கல்லில் விட்டுச்சென்றதோ ஏராளம்.

முதலில் பாம்புக் கல்லைப் பார்க்க வேண்டும். செப்பனிடாத ஆளுயர மணற்கல். உச்சியில் நெளியும் பாம்பு. அதன் கீழே இரட்டை வட்டும் அதை ஊடறுக்கும் முறிந்த கோலும். அடியில் கண்ணாடியும் சீப்பும். கொத்தித் தேய்த்த கோடுகள்தாம், வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாம்பின் வளைவில் தயக்கம் என்பதே கிடையாது. உடலின் கனம் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதை அந்த ஓட்டமே சொல்லிவிடுகிறது. இந்தக் குறிகளுக்கு என்ன பொருள்? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பெயர்கள் என்பது பலர் கருத்து. பொருள் தெரியாததால் ரசனைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கல்லின் பின்புறம் போய்ப் பார்த்தால் கிண்ணம் போன்ற சிறு குழிகள் தெரியும். அவை பிக்ட் மக்களுக்கும் மிக முந்தியவை. பழங்கல்லை எடுத்துத்தான் அந்தச் சிற்பி பாம்பைக் கீறியிருக்கிறான்.

பக்கத்திலுள்ள பெரிய சிலுவைக் கல் ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரம். ஒருபுறம் புத்தகம் ஏந்திய தேவதூதர்கள், மறுபுறம் வேட்டை. கம்பீரமானதுதான், எனக்கு அலங்காரம் கொஞ்சம் மிகை.

உண்மையான விருந்து தேவாலய முற்றத்தில் இருக்கிறது. ஒரு முகத்தில் பின்னல் வேலைப்பாடு நிறைந்த சிலுவை, மறுமுகத்தில் போர். மேல்வரிசையில் தலைமயிர் பறக்க ஒரு குதிரைவீரன் தலைக்கவசக்காரனைத் துரத்துகிறான். ஓடுபவன் வாளையும் கேடயத்தையும் நழுவ விட்டிருக்கிறான். நடுவரிசையில் குதிரையில் பாய்ந்து வருபவனை எதிர்த்து மூன்று காலாட்கள். முன்னவனிடம் வாளும் கேடயமும். அடுத்தவன் நீண்ட ஈட்டியை அவனைத் தாண்டி நீட்டுகிறான். கடைசி ஆள் ஈட்டியோடு தன் முறைக்காக நிற்கிறான். படையணி எப்படி நின்று போரிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த ஏட்டில் கிடைக்கும்? கீழ்வரிசையின் மூலையில் கவசக்காரன் வீழ்ந்து கிடக்க, ஒரு பறவை அவனைக் கொத்துகிறது.

மூக்குக் காப்புள்ள அந்தத் தலைக்கவசம் பழைய நார்தம்பிரிய அரசைச் சேர்ந்த யார்க் நகரில் 1982இல் கிடைத்த கவசத்தை ஒத்திருக்கிறது. அதனால் 685இல் நார்தம்பிரிய அரசன் எக்ஃப்ரித்தை பிக்ட் அரசன் புருடே கொன்ற போர்தான் இது என்பார்கள். கல்லோ அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியதாகத் தோன்றுகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. எந்தப் போரானால் என்ன? காலாட்கள் மூவரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, தட்டையான கல்லில் ஆழத்தைக் காட்டிய அந்தக் கைக்குத்தான் என் வணக்கம்.

இத்தகைய கற்களை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்ற குரலில் நியாயம் இருக்கிறது. மீகிள் ஊரில் 26 கற்கள் அப்படிக் கூரையடியில் பத்திரமாக இருக்கின்றன. ஹில்டன் ஆஃப் காட்போலின் கல் எடின்பரோவில் நிற்க, அது நின்ற கடற்கரையில் இப்போது இருப்பது நகல். ஆனாலும் உள்ளே மாறாமல் எரியும் விளக்கு, வெயில் செய்வதைச் செய்யாது. ஆழமில்லாத இந்தக் கோடுகளுக்குச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். உச்சிவெயிலில் பாதி மறைந்துவிடும்.

போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். கட்டணமில்லை. ஆனால் கோடையில் மட்டும்: உறைபனி மணற்கல்லை உரித்துவிடும் என்பதால், செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை செதுக்குள்ள கற்களை மரப்பெட்டியால் மூடிவிடுகிறார்கள்.