செம்பு ஆக்ஸைடும் கோட்பாட்டுக் கட்சிகளும்

சிகாமட் வழியே போகும் மின்ரயிலுக்கு மேலே ஓடுவது செம்புக் கம்பி. நல்ல கடத்திதான். ஆனால் எவ்வளவு குளிர்வித்துப் பார்த்தும் செம்பு மீக்கடத்தி ஆனதில்லை. அதே செம்பு ஆக்ஸிஜனோடு அடுக்கடுக்காய் அமைந்த பீங்கான் போன்ற பொருளோ, 1986இல் பெட்னோர்ஸ், முல்லர் என்ற ஆய்வாளர் இருவர் கையில் 30 கெல்வினுக்கு மேலேயே மின்தடையை இழக்கத் தொடங்கியது. மறு ஆண்டு இட்ரியம் சேர்ந்த வகை 93 கெல்வினை எட்டியது. குளிர்விக்கத் திரவ நைட்ரஜனே போதும் என்றாயிற்று.

படிக அதிர்வுதான் எலெக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்ற 1957இன் பிசிஎஸ் கோட்பாடு இங்கே போதவில்லை. கட்சிகள் பிறந்தன.

முதல் கட்சி இயற்பியலாளர் ஆண்டர்சனுடையது. கலப்பு எதுவும் சேர்க்காத தாய்ப்பொருளில் ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஓர் எலெக்ட்ரான்; பெருநாள் கூட்டத்து ஜொகூர் பாரு பேருந்துபோல யாரும் நகர முடியாது. ஆனால் அண்டை எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியில் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. சிலரை இறக்கிவிட்டால் இணைகள் ஓடத் தொடங்கும் என்றார். 1987இல் இதற்குக் கணக்கு வடிவம் தந்த கட்டுரையில் முதற்பெயர், சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். சிறப்பு மலர்களில் தமிழர் பெயர் வந்தால் மாலை போட்டுவிடுவது நம் வழக்கம்; நாம் கணக்கையும் பார்ப்போம். இணையின் வடிவத்தை அந்தக் கட்டுரை எஸ் வகை, அதாவது நான்கு திசையிலும் ஒரே குறி, என்றது. அடுத்த ஆண்டே கோட்லியரும் லியூவும் அதே வழியில் போய் டி வகையை எடுத்தார்கள்: நான்கு இதழ், இதழுக்கு இதழ் குறி மாறும்.

எலெக்ட்ரான்களை இணைக்கும் பசை காந்தச் சலனமே என்ற ஸ்கலபினோ, பைன்ஸ் கட்சியும் டி வகையைத்தான் சொன்னது. மோட்–அலெக்சாந்த்ரோவ், வர்மா கட்சிகளைப் பெயரளவில் சொல்லி நகர்கிறேன்.

தீர்ப்பு 1994இல் வந்தது. மூன்று படிகங்களை வெவ்வேறு கோணத்தில் சேர்த்த வளையத்தில், காந்தப்பாயம் தானாகவே அரை அலகாக நின்றதைச் சுயீயும் கிர்ட்லியும் கண்டார்கள். இணையின் குறி திசைக்குத் திசை மாறினால்தான் அப்படி நிற்கும்; ஆக, டி வகை வென்றது. ஆனால் எந்தக் கட்சியின் டி என்பதை அந்த வளையம் சொல்லவில்லை.

என் மதிப்பில் உயர்ந்த தரம் ஆண்டர்சனின் தோல்வியில்தான் இருக்கிறது. அடுக்குக்கு அடுக்கு இணைகள் தாவுவதே ஆற்றலின் மூலம் என்று இன்னொரு கோட்பாடும் வைத்திருந்தார். அதன்படி தாலியம் சேர்ந்த வகையில் காந்தப்புலம் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 1 மைக்ரான். 1998இல் மோலர் குழு அளந்தபோது கிடைத்தது 20 மைக்ரானை நெருங்கிய எண். ஆண்டர்சன் அதைக் கைவிட்டார். எந்த அளவீட்டுக்கும் பிடிகொடுக்காத கோட்பாடுகள் இன்னும் உலவுகின்றன.

இதைப் படிக்கும் படிவம் ஆறு மாணவர் யாரேனும் இத்துறைக்குப் போனால், எந்தக் கட்சியில் சேருமுன்னும் கேளுங்கள்: உங்கள் கோட்பாட்டைப் பொய்யாக்கும் அளவீடு எது?